இஸ்தான்புல் பஜாரில் பேரம்: எங்கே கோட்டை விடுகிறோம்?

கிராண்ட் பஜாருக்குப் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, பேரம் பேசத் தெரியாமல் இருப்பது அல்ல. வேண்டாத பொருளுக்குப் பேரம் பேசுவதுதான். கேட்டுத்தான் பார்ப்போமே என்று பாதி விலை சொல்வார்கள். கடைக்காரர் சரி என்றதும் நழுவப் பார்ப்பார்கள். நீங்கள் சொன்ன விலைக்கு அவர் இறங்கி வந்துவிட்டால் வாங்கியாக வேண்டும், அதுதான் அங்கே மரியாதை. வாங்கும் எண்ணம் இல்லையென்றால் வாயிலிருந்து தொகையே வரக்கூடாது.

கடைக்காரர் கொடுக்கும் தேநீர் விஷயத்தில் பயம் தேவையில்லை. குடித்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்பலாம். ஆனால் கம்பளக் கடையில் ஒன்றன்பின் ஒன்றாக விரித்துப் போடுவதை ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்தால், எழுந்து வர மனசு கேட்காது. வியாபாரம் நடப்பதே அந்தச் சங்கடத்தில்தான். நாலைந்து விரித்ததுமே போதும் என்று சொல்லிவிடுங்கள். பட்டு என்றால் உடனே நம்பிவிடவும் வேண்டாம். பளபளப்பேற்றிய பருத்தியும் விஸ்கோஸ் என்ற செயற்கை இழையும் பட்டு என்ற பெயரில் விற்கின்றன. கம்பளத்தைத் திருப்பிப் போட்டு, பின்புறம் முடிச்சுகள் எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். பார்சலில் அனுப்பச் சொன்னால், வேறு கம்பளம் வந்துவிடாமல் இருக்கப் படம் எடுத்துக்கொண்டு, பின்பக்க ஓரத்தில் கையெழுத்தும் போடுங்கள்.

நகைக் கடையில் தங்கத்தின் விலையைக் குறைக்கச் சொல்லிப் பயனில்லை. பேரம் பேச இடமிருப்பது செய்கூலியில். நமக்குப் பழகிய 916 முத்திரைக்குப் பதிலாக 585 இருந்தால் அது 14 காரட்.

மசாலா பஜாரில் மலிவாகக் குவித்து வைத்திருக்கும் 'துருக்கிக் குங்குமப்பூ' பெரும்பாலும் குசும்பாப் பூவின் இதழ்தான். அதை எவ்வளவு குறைத்து வாங்கினாலும் நஷ்டமே.

விலை துருக்கிப் பணமான லிராவிலா, யூரோவிலா என்பதை முதலிலேயே கேளுங்கள். கார்டு தேய்க்கும்போது ரூபாயா, லிராவா என்று கருவி கேட்டால் லிராவைத் தேர்ந்தெடுப்பதுதான் லாபம்.

காலையில் போவது நல்லது. போணி நம்பிக்கை அங்கேயும் உண்டு, 'சிஃப்தா' என்பார்கள். முதல் வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராது. ஞாயிற்றுக்கிழமை கிராண்ட் பஜாருக்கு விடுமுறை.

'பழங்காலத்து நாணயம்' என்று யாராவது நீட்டினால் விலையே கேட்காதீர்கள். போலியாக இருந்தால் பணம் போச்சு. அசலாக இருந்தால் விமான நிலையத்தில் போலீஸ் பிடிக்கும். தொல்பொருளை நாட்டை விட்டு எடுத்துப்போவது துருக்கியில் குற்றம்.