கோயில் பணிக்கு முதலிடம்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டால் எங்கள் கிறிஸ்தவப் பங்குகளில், அதாவது ஒவ்வொரு கோயிலையும் சார்ந்த மக்களிடையே, ஆளுக்குக் குறைவிருக்காது. பந்தல் போடவும், புனிதரின் திருவுருவமான சுருவத்தைச் சோடிக்கவும், ஒலிபெருக்கி கட்டவும் இளைஞர்கள் இரவிரவாக நிற்பார்கள். கொடியிறங்கியபின் வரும் முதல் சனிக்கிழமை போய்ப் பார்த்தால், மெழுகுதிரித் தட்டில் உறைந்துபோன மெழுகைப் பழைய கத்தியொன்றால் சுரண்டிக்கொண்டு வயதான இரண்டு பெண்கள் மாத்திரம் இருப்பார்கள். திருவிழாவில் உழைத்தவர்கள் எவருக்கும் பக்தி குறைவென்று சொல்ல மாட்டேன். ஆனால் பத்து நாள் உற்சாகத்தையே பணியென்று எண்ணிக்கொள்வது, பணிக்கு முதலிடம் கொடுக்க விரும்புகிறவர் செய்யும் முதல் தவறு.

இதற்கு அடுத்தது, எல்லோர் வாயிலும் வரும் அந்த வாக்கியம்: “நேரம் கிடைத்தால் கட்டாயம் வருவன்.” இதைச் சொல்பவர் பொய் சொல்வதில்லை, நேரம்தான் கிடைப்பதில்லை. பிள்ளைகளின் ரியூஷன், கலியாண வீடு, செத்த வீடு, கடைக் கணக்கு என்று ஒவ்வொன்றும் தனக்குரிய நாளையும் மணியையும் குறித்துக்கொண்டு வரும்போது, நாள் குறிக்கப்படாத ஒரே காரியமாகிய கோயில் பணி எல்லாவற்றுக்கும் இடம் விட்டு ஒதுங்கிப்போகிறது. ஆகவே ஒரு வேலை, ஒரு நாள், ஒரு மணி என்று தீர்மானித்து, அதை வீட்டாருக்கும் அந்தப் பணிக்குப் பொறுப்பானவருக்கும் முற்கூட்டியே சொல்லிவிடவேண்டும். வீட்டில் சொல்லாமல் எடுத்த முடிவு மூன்றாவது வாரத்தைத் தாண்டுவது அரிது.

அந்த மணிக்கணக்கில் ஆயத்தத்தைச் சேர்க்காமல் விடுவதும் பெரிய பிழை. மறைக்கல்வி வகுப்போ ஓய்வுநாட் பாடசாலையோ எடுப்பவர் ஞாயிறு காலையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, மதிலோரம் நின்றபடி புத்தகத்தைப் புரட்டுவதைப் பிள்ளைகள் கவனிக்காமல் இருப்பதில்லை. வாசகம் வாசிப்பவர் கடினமான ஊர்ப்பெயரில் தடுக்கி நிற்பதும், பாடகர் குழாத்தில் ஒருவர் மெட்டுத் தெரியாமல் உதட்டை அசைப்பதும் இதே குறைபாட்டின் வேறு வடிவங்கள்தான். வியாழன் மாலையில் வீட்டில் உட்கார்ந்து படிக்கும் அரை மணித்தியாலமும் கோயில் பணியே. யாரும் பார்க்காத பணி என்பது மாத்திரமே வித்தியாசம்.

முதலிடம் கொடுப்பதென்றால் கேட்ட எல்லாவற்றுக்கும் “ஓம்” சொல்வதென்று விளங்கிக்கொள்பவர்களும் உண்டு. நானும் அப்படித்தான் விளங்கிக்கொண்டிருந்தேன். பாடகர் குழாம், இளையோர் மன்றம், தனித்திருக்கும் முதியோரைச் சந்தித்தல் என்று மூன்றையும் ஒரே ஆண்டில் ஏற்றேன். ஒரு மாலை பாடல் பயிற்சி நீண்டுபோக, சந்திப்பதாகச் சொல்லியிருந்த அம்மாவிடம் மறுநாள்தான் போனேன். முந்தின நாள் எனக்காக விறாந்தையில் போட்ட கதிரை அப்படியே கிடந்தது. “தேத்தண்ணி ஊத்தி வைச்சனான் பிள்ளை” என்பதைத் தவிர அவர் வேறொன்றும் சொல்லவில்லை. விடியமுதல் மாலைவரை தனியாளாக மக்களின் வழக்குகளைத் தீர்த்துக்கொண்டிருந்த மோசேயிடம், இது உன்னால் தனியே செய்ய இயலாத காரியம் என்று அவருடைய மாமனார் சொன்னதை விவிலியத்தின் யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். எருசலேமின் முதல் சபையிலும், அன்றாட உணவுப் பங்கீடான பந்தி விசாரணையில் கைம்பெண்கள் கவனிக்கப்படாமற்போனபோது அப்போஸ்தலர் அந்தச் சுமையையும் தாமே தூக்கிக்கொள்ளவில்லை. அதற்கென எழுவரைத் தெரிவுசெய்யச் சொன்னார்கள்.

வீட்டைக் கைவிட்டுக் கோயிலுக்கு ஓடுவதைப் பற்றி நாம் வெளிப்படையாகப் பேசுவது குறைவு. பிள்ளைகளில் பலர் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, இங்கு எஞ்சியிருக்கும் ஒருவரை நம்பியே பல பெற்றோரின் மருந்தும் சாப்பாடும் இருக்கின்றன. பெற்றோருக்குச் செய்யவேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது கடவுளுக்கான காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கண்டித்ததை மாற்கு 7ஆம் அதிகாரம் சொல்கிறது. எனவே படுக்கையில் இருக்கும் தாயைப் பார்ப்பவர் மாதத்தில் ஒருநாள் மாத்திரம் கோயில் பணிக்கு வந்தாலும், அவர் பின்தங்கியவராகக் கணக்கெடுக்கப்படக் கூடாது. அதேவேளை, வெளிநாட்டிலிருந்து வரும் காசினால் கூரை மாற்றிவிடலாம், கூரையின்கீழ் வகுப்பெடுக்க ஆள் வேண்டும் என்பதையும் வசதியுள்ளவர்கள் மறக்கக் கூடாது.

“சுவாமிக்கு உதவி செய்கிறோம்”, அதாவது பணி குருவுடையது, நாம் துணை மாத்திரம் என்ற எண்ணமும் திருத்தப்படவேண்டியதே. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிக் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்தபின், 1687இல் யோசேவ் வாஸ் அடிகளார் இரகசியமாக இங்கு வந்துசேரும்வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் செபத்தையும் விசுவாசத்தையும் வீடுகளில் காத்தவர்கள் குருக்களல்லாத பொதுநிலையினரே. குருவோடு மனத்தாங்கல் வந்ததும் பணியை விட்டுவிடுபவர், அது தனக்கும் உரியதென்பதை ஒருபோதும் எண்ணிப்பார்த்திராதவர்.

தனக்கும் உரியதென்பது வேறு, தனக்கே உரியதென்பது வேறு. பதினைந்து வருடமாக ஒரே ஆள் ஆர்மோனியம் வாசித்து, அருகில் நிற்கும் சிறுவனை அதைத் தொடவும் விடாதிருந்தால், அவர் நோயில் விழும் ஞாயிறன்று பாட்டில்லை. காணிக்கையை இருவராக எண்ணவேண்டும், சிறுபிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் தனித்திருக்கக் கூடாது போன்ற ஒழுங்குகளைத் தம்மீதான சந்தேகமாக எடுத்துக்கொண்டு கோபிப்பதும் இந்த உடைமை எண்ணத்தின் வெளிப்பாடே.

பணியை நிறுத்த நேர்ந்தால் வாட்ஸ்அப் குழுவிலிருந்து சத்தமின்றி விலகிவிடுவது இப்போதைய வழக்கமாகிவிட்டது. அப்படிச் செய்யாமல் ஒரு மாதம் முன்னரே சொல்லி, அடுத்தவரைப் பக்கத்தில் வைத்துப் பழக்கி, அலுமாரித் திறப்பையும், எந்த வீட்டுக்கு எப்போது போனோம் என்று எழுதிய கொப்பியையும் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போகவேண்டும்.