ஆறு மில்லிமீட்டரில் வாட்டர்லூ: முதல் பிரிகேடுக்கு வண்ணம் பூசுவது எப்படி?

மேசைப் போர் விளையாட்டுக்கான 6 மி.மீ. உயர உலோகச் சிப்பாயைக் கையில் எடுத்ததும் புதியவர்கள் கேட்பது ஒன்றுதான்: "இதுக்குக் கண்ணு, மூக்கெல்லாம் எப்படிங்க வரையறது?" வரையவே வேண்டாம். மேசை மேல் அவனை ஒரு கை நீளம் தள்ளி நின்றுதான் பார்க்கப் போகிறோம். அங்கிருந்து கண்ணுக்குப் படுவது சிவப்புக் கோட்டு, வெள்ளைப் பட்டை, கறுப்புத் தொப்பி, ஒரு கொடி. இந்த நான்கும் பளிச்சென்று தனித்தனியாகத் தெரிந்தால் பட்டாலியன் தயார். கீழே சொல்லும் எல்லாமே இந்தக் கணக்கை வைத்துத்தான்.

எந்தப் படை?

முதல் முயற்சிக்கு நான் சிபாரிசு செய்வது 1815இல் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரில் பிரிட்டிஷ் தளபதி வெல்லிங்டன் பக்கம் நின்ற காலின் ஹால்கெட்டின் ஐந்தாவது பிரிட்டிஷ் பிரிகேடு. நான்கே பட்டாலியன்கள், 30, 33, 69, 73 ஆகிய ரெஜிமென்ட்களைச் சேர்ந்தவை. எல்லாருக்கும் அதே சிவப்புக் கோட்டு, அதே சாம்பல் கால்சட்டை. காலர், கஃப் (கோட்டுக் கை நுனி), தோள்பட்டி ஆகியவற்றின் நிறம் மட்டும்தான் மாறும். அதனால் ஒரே வேலையை நான்கு முறை செய்து கை பழகிவிடும்.

நமக்கு இதில் இன்னொரு ஈர்ப்பும் உண்டு. 33, 73 இரண்டும் 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவை எதிர்த்து நின்ற ரெஜிமென்ட்கள்; 33 என்பது ஆர்தர் வெல்லெஸ்லியின், அதாவது பின்னாளைய வெல்லிங்டனின், சொந்த ரெஜிமென்ட். 1806இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த இரவில் உள்ளே இருந்த வெள்ளைக்காரப் படை 69ஐச் சேர்ந்தது. வாட்டர்லூவுக்குப் போனது அதே ரெஜிமென்ட்டின் இரண்டாவது பட்டாலியன். ஆட்கள் வேறு, எண் ஒன்று.

பொம்மைகளுக்கு இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலுள்ள பாக்கஸ் நிறுவனம் நல்ல தொடக்கம். காலாட்படை நான்கு பேர் கொண்ட பட்டைகளாக வரும். 60க்கு 30 மி.மீ. பேஸில் (அடித்தட்டில்) அகலவாக்கில் மூன்று பட்டை, இரண்டு வரிசை என்று வைத்தால் 24 பேர். பிரிட்டிஷ்காரர்கள் சண்டையிட்டதும் இரண்டு வரிசையில்தான் என்பதால் பார்வைக்கும் சரியாக இருக்கும். பிரெஞ்சுக்காரர்களைச் செய்யும்போது அதே 24 பேரை இரண்டு பட்டை அகலம், மூன்று வரிசை ஆழம் என்று அடுக்கினால் அவர்களுடைய ஆழமான அணிவகுப்பு (column) வடிவம் வந்துவிடும்.

தயாரிப்பு

வார்ப்பில் பிதுங்கிய ஓரங்களைச் சின்ன அரத்தால் தேய்த்து எடுங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். உலோகத்தில் ஈயம் கலந்திருக்கலாம், அதனால் வேலை முடிந்ததும் கையைக் கழுவாமல் சாப்பிட உட்கார வேண்டாம். பிறகு ஐஸ் குச்சியில் இரட்டைப் பக்க டேப் ஒட்டி, பட்டைகளை அதன் மேல் வரிசையாக நிறுத்துங்கள். ஒரு குச்சிக்கு இரண்டு பட்டை போதும்; அதற்கு மேல் போனால் நடுவில் இருப்பவனைத் தூரிகை எட்டாது.

ப்ரைமர், அதாவது அடிப்பூச்சு, கறுப்புதான். தூரிகை எட்டாத இடுக்கெல்லாம் தானாக நிழலாகிவிடும், தொப்பியும் பூட்ஸும் முதுகுப்பையும் இலவசமாக முடிந்துவிடும். மழை நாளில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், மேற்பரப்பு மணல்மணலாகிவிடும். கறுப்பு காய்ந்ததும், கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையில் வெளிர்சாம்பலைத் தொட்டு மேலிருந்து கீழாக லேசாகத் தடவுங்கள். மார்புப் பட்டை எங்கே, துப்பாக்கி எங்கே என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

நிறம்

அளவு சின்னதாக ஆக நிறம் இருண்டு தெரியும். புத்தகத்தில் போட்டிருக்கும் அசல் நிறத்தை அப்படியே பூசினால் பிரெஞ்சு நீலம் கறுப்பாகவும், 73இன் கரும்பச்சைக் காலர் அழுக்காகவும் தெரியும். எல்லாவற்றையும் இரண்டு படி வெளுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். வல்லேஹோவோ வேறு எந்த அக்ரிலிக்கோ, பால் பதத்துக்குத் தண்ணீர் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வரிசை இது. முதலில் சிவப்புக் கோட்டு. கைகளுக்கும் உடம்புக்கும் நடுவே கறுப்புக் கோடு மிஞ்சும்படி பூசுங்கள். பிறகு சாம்பல் கால்சட்டை. முகத்துக்கும் கைக்கும் தோல் நிறத்தில் ஒவ்வொரு புள்ளி. துப்பாக்கிக் கட்டைக்குப் பழுப்பு, குழலுக்கு வெள்ளியில் ஒரே இழுப்பு. அடுத்து காலரும் கஃபும்: 30க்கு வெளிர்மஞ்சள், 33க்குச் சிவப்பு, 69க்குப் பச்சை, 73க்குக் கரும்பச்சை. 33க்குச் சிவப்பின் மேல் சிவப்பு என்பதால் அந்த வேலையே மிச்சம். சோம்பேறிகள் அங்கிருந்து தொடங்கலாம்.

இப்போது நீர்த்த பழுப்பு வாஷ் ஒரு கை. நன்றாகக் காய விடுங்கள். வெள்ளையை இதற்குப் பிறகுதான் தொட வேண்டும். முன்னால் பூசினால் வாஷ் அதைச் சாக்கடை நிறமாக்கிவிடும்.

மொத்த வேலையில் பொறுமையாகச் செய்ய வேண்டியது மார்பின் குறுக்கே போகும் அந்த வெள்ளைப் பட்டைகளைத்தான். தூரிகை பெரிதா சிறிதா என்பதை விட அதன் நுனி கூராக இருக்கிறதா என்று பாருங்கள். பூஜ்ஜிய எண் தூரிகை போதும். அதைவிடச் சிறியவற்றில் வண்ணம் வழியிலேயே காய்ந்துவிடும். இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு ஒரு கோடு, பிறகு மற்றது. 24 பேருக்கும் முதல் கோட்டை முடித்துவிட்டு இரண்டாவதற்கு வாருங்கள். கை ஒரே திசையில் ஓடினால் கோணல் குறையும். நடுவில் ஒருவனுக்குக் கோடு தவறினால் விட்டுவிடுங்கள், அவனை யாரும் தேடப் போவதில்லை.

பின்பக்கத்தைப் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். விளையாடும்போது உங்கள் படையின் முதுகைத்தான் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்! கறுப்பு முதுகுப்பை மேல் சுருட்டிய போர்வைக்குச் சாம்பல் கோடு, இடுப்பில் தொங்கும் மரத் தண்ணீர்க்குடுவைக்கு வெளிர்நீலப் புள்ளி. முகத்தைவிட இந்த இரண்டும் முக்கியம் என்பேன்.

டிரம்மர்களுக்குக் கோட்டு தலைகீழ்: ரெஜிமென்ட்டின் காலர் நிறமே அவர்களுடைய கோட்டு நிறம். 33க்குச் சிவப்பு என்பதால் அவர்களுடைய டிரம்மர்கள் வெள்ளைக் கோட்டு. அதிகாரிக்கு இடுப்பில் ஒரு கருஞ்சிவப்புக் கோடு.

கொடி

காகிதத்தில் அச்சடித்த கொடியை வெட்டி, ஃபெவிகால் தடவி, கம்பத்தைச் சுற்றி மடியுங்கள். பசை காய்வதற்குள் தூரிகைக் காம்பில் வளைத்துவிட்டால் காற்றில் பறப்பது போல நிற்கும். வெட்டிய ஓரத்தில் காகித வெள்ளை தெரியும், அதே நிறத்தால் மூடுங்கள். ஒவ்வொரு பட்டாலியனுக்கும் இரண்டு கொடி: யூனியன் சின்னம் நிறைந்த மன்னர் கொடி ஒன்று, காலர் நிறத்தில் ரெஜிமென்ட் கொடி ஒன்று. சிவப்புக் காலர்காரர்களுக்கு வேறு விதி: 33இன் ரெஜிமென்ட் கொடி வெள்ளை, அதில் சிவப்புச் சிலுவை.

69க்கு ஒரே கொடி வையுங்கள். 1815 ஜூன் 16 அன்று வாட்டர்லூவுக்குத் தெற்கேயுள்ள காத்ர்-பிராவில் ஆளுயர ரை தானியப் பயிர் மறைத்துக்கொண்டிருக்க, குதிரைப்படையைத் தடுக்கச் சதுரம் அமைக்கத் தொடங்கிய பட்டாலியனை மீண்டும் நேர்வரிசைக்கு மாற்றினார்கள். அந்த இடைவெளியில் பிரெஞ்சு 8ஆம் கியூராசியர் (மார்புக்கவசக்) குதிரைப்படை பாய்ந்து மன்னர் கொடியைப் பிடுங்கிப் போனது. இரண்டு நாள் கழித்து வாட்டர்லூவில் நின்றபோது அது அவர்களிடம் இல்லை.

பேஸ்

பட்டைகளை எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) பேஸில் ஒட்டிவிட்டு, இடைவெளிகளில் ஃபெவிகால் பூசி மணல் தூவ வேண்டும். இந்த அளவுக்கு 1 மி.மீ. மணல் என்றால் நிஜத்தில் 30 செ.மீ. பாறை. எனவே டீ வடிகட்டியில் சலித்த பொடி மட்டும். கடற்கரை மணலானால் உப்புப் போகக் கழுவிக் காயவைத்தது. காய்ந்ததும் கரும்பழுப்பு, அதன் மேல் உலர்தூரிகையில் மணல் நிறம்.

பச்சைப் புல்லை அள்ளிப் போட்டு இங்கிலாந்துப் பூங்கா ஆக்கிவிடாதீர்கள். ஜூன் 17 இரவெல்லாம் மழை. மறுநாள் சண்டை நடந்தது சேற்றிலும் மிதிபட்ட பயிரிலும். பழுப்பு மஞ்சள் புல்தூளைத் திட்டுத்திட்டாகத் தூவி, நடுவே சேறு தெரிய விடுங்கள். பயிருக்கு நம் ஊர்த் தேங்காய்நார் மிதியடியை அடிக்க ஆளில்லை. நாரைப் பொடியாக நறுக்கி, பேஸின் பின் ஓரத்தில் சூப்பர் க்ளூவால் கொத்துக் கொத்தாக நடுங்கள். முன் ஓரத்தில் அதையே படுக்கவைத்து ஒட்டினால் படை மிதித்துக்கொண்டு வந்தது போல இருக்கும்.

கடைசியாக மேட் (பளபளக்காத) வார்னிஷ். இதுவும் ஈரப்பதமான நாளில் வெண்மையாகப் படியும், வெயில் நாளாகப் பாருங்கள். பேஸின் பின் விளிம்பில் ரெஜிமென்ட் எண்ணை எழுதி ஒட்டிவிடுங்கள், ஆட்ட மும்முரத்தில் 69க்கும் 73க்கும் பச்சை வித்தியாசம் பார்க்க முடியாது. அடியில் காந்தத் தாள் ஒட்டி, இரும்புப் பெட்டியில் 30ஐயும் 73ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், 33ஐயும் 69ஐயும் அப்படியே. வாட்டர்லூவில் அந்தந்த ஜோடிதான் சேர்ந்து ஒரே சதுரமாக நின்றது. ஆட்டத்திலும் சேர்த்தே எடுப்பீர்கள்.