சிரிப்பு அரங்கத்துக்குள் நிற்பதில்லை: சிங்கப்பூரில் அரசியல் நகைச்சுவை மேடையேற்றுவோருக்கு

தொலைக்காட்சி நகைச்சுவைக்காரர் ஒருவர் அரசியல் பேசி வம்பில் மாட்டினால், எல்லாரும் அந்த ஒரு வரியையே புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார்கள். நிகழ்ச்சி நடத்துபவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் வேறு. அந்த வரி வெளியே போக யாருடைய உரிமம், யாருடைய மண்டபம், யாருடைய பணம் தேவைப்பட்டது? நெருக்கடி அந்த ஆள் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டும்.

2025 செப்டம்பரில் அமெரிக்காவில் நடந்ததைத் தேதிவாரியாக அடுக்கினால் இது விளங்கும். 10ஆம் தேதி வலதுசாரி அரசியல் செயற்பாட்டாளர் சார்லி கர்க் சுட்டுக் கொல்லப்பட்டார். 15ஆம் தேதி ஏபிசி தொலைக்காட்சியின் இரவு நேர நகைச்சுவைக்காரர் ஜிம்மி கிம்மல் தம் தொடக்க உரையில், அந்தக் கொலையை வைத்து டிரம்ப் ஆதரவாளர்கள் அரசியல் ஆதாயம் தேடுவதாகச் சாடினார். 17ஆம் தேதி, ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்சிசியின் தலைவர் பிரெண்டன் காரின் கண்டனம் ஒரு பாட்காஸ்டில் வந்தது. நிலையங்களின் உரிமத்தையும் அவர் தொட்டுப் பேசினார். அன்றே, பல உள்ளூர் நிலையங்களை வைத்திருக்கும் நெக்ஸ்டார் நிறுவனம் தன் நிலையங்களில் நிகழ்ச்சியைக் காட்டப்போவதில்லை என்றது. ஏபிசி காலவரையின்றி நிறுத்தியது. எஃப்சிசி உரிமம் கொடுப்பது உள்ளூர் நிலையங்களுக்குத்தான். நெக்ஸ்டாருக்கு அப்போது டெக்னா நிறுவனத்தை 620 கோடி டாலருக்கு வாங்க அதே எஃப்சிசியின் ஒப்புதலும் வேண்டியிருந்தது. கிம்மல் 23ஆம் தேதி ஏபிசிக்குத் திரும்பினார். நெக்ஸ்டார் நிலையங்களிலும், அதேபோல் நிறுத்தியிருந்த சின்கிளேர் நிறுவனத்தின் நிலையங்களிலும் 26ஆம் தேதிதான் தலைகாட்டினார். இத்தனைக்கும் அவர்மேல் ஒரு வழக்குகூட இல்லை.

நெருக்கடி விளம்பரக் கதவு வழியாகவும் வரும். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு தொலைக்காட்சி நகைச்சுவைக்காரர் பில் மார் அதைப் பற்றிப் பேசியதைக் கேட்டு ஃபெடெக்ஸும் சியர்ஸும் விளம்பரத்தை எடுத்தன. 2002ல் நிகழ்ச்சி முடிந்தது. ஒப்பந்தக் கதவும் உண்டு. 1969ல் சிபிஎஸ் தொலைக்காட்சி, ஒளிப்பதிவு நாடா நேரத்துக்கு வந்து சேரவில்லை என்று சொல்லி நகைச்சுவை இரட்டையரான ஸ்மதர்ஸ் சகோதரர்களை நீக்கியது. அவர்கள் வழக்குப் போட்டு 1973ல் வென்றது, பேச்சுரிமையை வைத்து அல்ல, ஒப்பந்த மீறலை வைத்து. ஒப்பந்தத்தில் "எப்போது, யாரிடம், எந்த வடிவில் ஒப்படைப்பது" என்ற வரியைச் சலிக்காமல் படிக்கச் சொல்வது இதனால்தான்.

அமெரிக்க வாதத்தை அப்படியே இங்கே இறக்குமதி செய்வது அடுத்த தவறு. அங்கே பேச்சுரிமையைக் காக்கும் அரசமைப்பின் முதல் திருத்தம் கட்டிப்போடுவது அரசாங்கத்தை. தனியார் நிறுவனம் தானாக நிறுத்தினால் அது பொருந்தாது. அரசு அதிகாரி தனியாரை மிரட்டிப் பேச்சை அடக்கக்கூடாது என்று 2024ல் வுல்லோ வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. ஆகவே அங்கே சண்டை "அது மிரட்டலா, வெறும் கருத்தா" என்பதில் நடக்கிறது. சிங்கப்பூரில் அரசமைப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு பேச்சுரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது. பொது ஒழுங்கு, அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு முதலிய காரணங்களுக்காக நாடாளுமன்றம் அதைக் கட்டுப்படுத்தலாம் என்பதும் அதே பிரிவில் எழுதியிருக்கிறது. நிரந்தரவாசி அண்ணன் மேடையேறினால் இந்தப் பிரிவு அவருக்குக் குடையாகாது.

உரிமமும் எழுத்துப்பிரதியும்

நாடகம், ஸ்டாண்ட்-அப் போன்ற கலை நிகழ்ச்சிகளுக்கு உரிமம் தருவது தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம், நம் பேச்சில் ஐஎம்டிஏ. விண்ணப்பிப்பது ஏற்பாட்டாளர், நடிகர் அல்ல. நுழைவுச்சீட்டு விற்கத் தொடங்கும் முன்பே எழுத்துப்பிரதியோடு விண்ணப்பத்தை அனுப்புங்கள். வயது வரம்பு போட்டு அனுமதி வந்தால், விற்ற சீட்டை எல்லாம் திரும்ப வாங்கும் கூத்து இருக்காது.

நம் மேடைகளில் வழக்கமாகக் கெட்டுப்போவது இந்த இடம்: "குறிப்பு மட்டும் எழுதினேன், மேடையில வந்துரும்" என்பார்கள். வரும், ஆனால் உரிமம் வாங்கிய பிரதியில் அது இருக்காது. மேடையில் சேர்க்கும் வரிகளுக்கு ஒரு வேலி போடுங்கள். பார்வையாளரின் சட்டை நிறம், தாமதமாக வந்தவர், ஒலிபெருக்கிக் கோளாறு என்று எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஆள் பெயர், கட்சிப் பெயர், எண், இனம், மதம், நடந்துகொண்டிருக்கும் வழக்கு என்ற ஆறில் ஒன்று வந்தால் அது பிரதியில் இருந்தே ஆக வேண்டும். ஒத்திகையில் ஒருவர் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, விலகும் ஒவ்வொரு வரியிலும் பென்சில் கோடு போடட்டும்.

நிகழ்ச்சிக்குப் பின் "கேள்வி-பதில்" வைத்தால் அதைத் தனியாக யோசியுங்கள். அது கலந்துரையாடல், பொது ஒழுங்குச் சட்டத்தின் பக்கம் சாயக்கூடியது. உள்ளரங்கக் கூட்டத்துக்கு அனுமதி வேண்டாம் என்றால், ஏற்பாட்டாளரும் பேசுபவர்களும் சிங்கப்பூர்க் குடிமக்களாக இருக்க வேண்டும், ஏற்பாட்டாளர் கூட்டம் முடியும்வரை அங்கே இருக்க வேண்டும், மதத்தையோ இனப் பகையைத் தூண்டக்கூடியதையோ தொடக்கூடாது. சென்னையிலிருந்து நகைச்சுவைப் பேச்சாளரை ஜூமில் கொண்டுவந்து "நாலு வார்த்தை பேசுங்கண்ணே" என்றால் இந்த விலக்கு போய்விடும். ஹாங்காங் செயற்பாட்டாளர் ஜோஷுவா வோங் 2016ல் ஸ்கைப் வழியாகப் பேசிய உள்ளரங்கக் கூட்டத்துக்காகத்தான் ஜோலோவன் வாம் 2019ல் குற்றவாளியாகத் தீர்ப்பளிக்கப்பட்டார். ஆள் விமானத்தில் வரவில்லை என்பது பதிலாகவில்லை.

மண்டபமும் மானியமும் தனிக் கணக்கு. 2015ல் தேசியக் கலைகள் மன்றம், அரசியல் பேசிய ஒரு வரைகதை நூலுக்கான 8,000 வெள்ளி மானியத்தை மீட்டுக்கொண்டது. நூல் தடை செய்யப்படவில்லை, கடைகளில் விற்றது. அரசியல் பகுதி உள்ள நிகழ்ச்சிக்கு மானியப் பணத்தை நம்பி மண்டபத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

ஒரே தோசை, மூன்று வரி

எழுத்துப்பிரதியைச் சோதிக்க எளிய வழி, ஒவ்வொரு துணுக்கையும் "இதில் சரிபார்க்கக்கூடிய செய்தி எது, அடி யார் மேல் விழுகிறது" என்று கேட்பது. விலைவாசித் துணுக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

"அமைச்சர் தேக்கா கடையில தோசை விலையைக் கேட்டு அங்கேயே தலை சுத்தி விழுந்துட்டாரு. தூக்கிவிட்ட அண்ணன் அதுக்குத் தனியா ரெண்டு வெள்ளி வாங்கிட்டாரு." இதை யாரும் செய்தி என்று நம்பப்போவதில்லை. இணையத்தில் பரவும் பொய்களுக்கு எதிரான பொஃப்மா சட்டம் 2019ல் வந்தபோதே, கருத்து, விமர்சனம், நையாண்டி, பகடி ஆகியவை அதில் அடங்கா என்று அரசாங்கம் சொன்னது.

"கடைக்காரங்களை விலையை ஏத்தச் சொன்னதே அமைச்சுதான்." இதுவும் சிரிப்பு வாங்கலாம். ஆனால் உண்மையா பொய்யா என்று பார்க்கக்கூடிய கூற்று இது. பொய்யானால், இணையத்தில் ஏறியதும் திருத்த உத்தரவு, அதாவது பதிவோடு திருத்த அறிவிப்பை ஒட்டச் சொல்லும் உத்தரவு, வர வழி இருக்கிறது. கையில் ஆதாரம் இல்லையென்றால் அடித்துவிடுங்கள், அல்லது யாரும் நம்ப முடியாத அளவுக்கு ஊதிப் பெரிதாக்குங்கள். நடுவில் நிற்பதுதான் ஆபத்து. பாதி நம்பும்படியான மிகைப்படுத்தலுக்கு நையாண்டியின் பாதுகாப்பும் இல்லை, உண்மையின் பாதுகாப்பும் இல்லை.

"இந்த ஆளுங்க கடைன்னாலே இப்படித்தான்." அடி அதிகாரத்தில் இருப்பவரை விட்டு ஒரு சமூகத்தின் மேல் விழுந்துவிட்டது. இனி இது அரசியல் நகைச்சுவையே அல்ல. இன நல்லிணக்கத்துக்குத் தனிச் சட்டம் 2025 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மதத்துக்கு 1990லிருந்தே உண்டு. (தேசநிந்தனைச் சட்டத்தை மேற்கோள் காட்டும் பழைய கையேடு யாராவது கொடுத்தால் ஓரமாக வையுங்கள், அது 2022 நவம்பரில் நீக்கப்பட்டது.) "எங்க ஆளுங்களையே தானே கிண்டல் பண்றேன்" என்பது அரங்கத்தில் எடுபடும், துண்டுக் காணொளியில் எடுபடாது, பேசுபவர் யார் என்று அங்கே பார்ப்பவருக்குத் தெரியாது.

நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் வழக்கைத் தொடவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. 2016ஆம் ஆண்டின் நீதி நிர்வாகப் பாதுகாப்புச் சட்டத்தில் அவமதிப்புக்கு 100,000 வெள்ளி அபராதம், மூன்றாண்டுச் சிறைவரை போகலாம். தீர்ப்பு வரட்டும், துணுக்கு புளித்துப்போகாது.

"சொன்னாராம்" காப்பாற்றுமா?

தமிழில் நமக்கு ஒரு வசதி: "அவரு காசு வாங்கினாராம்" என்று ஓர் "ஆம்" ஒட்டினால் பொறுப்பு பாதி கழன்றுவிட்டதாக ஒரு நினைப்பு. சட்டத்தில் அது கழலாது. அவதூறை இன்னொருவர் சொன்னதாகத் திருப்பிச் சொன்னாலும் சொன்னதுதான். போதாக்குறைக்கு, ஆங்கில வசனவரியில் அந்த "ஆம்" காணாமல் போய், "வாங்கினார்" என்று அடித்துச் சொன்னதாக நிற்கும். "ஆக்கும்", "பாரேன்", இழுத்துச் சொல்லும் "ஆமா" எல்லாமே இதே கதி. புகார் கொடுப்பவர் பல நேரம் அந்த வசனவரியைத்தான் படித்திருப்பார். அதனால் தானியங்கி வசனவரியை அணைத்துவிட்டு, நீங்களே எழுதிப் பதியுங்கள். கேலி தொனியை ஒரு சொல்லாலாவது காட்டுங்கள்.

துண்டுக் காணொளி

2023ல் நியூயார்க் நகைச்சுவை அரங்கில், சிங்கப்பூரில் வளர்ந்த ஜோசலின் சியா, காணாமல் போன மலேசிய விமானம் எம்எச்370ஐ வைத்துச் சொன்ன துணுக்கு அங்கேயே முடிந்திருக்கும். துண்டுக் காணொளி இணையத்தில் ஏறியது. மலேசியக் காவல்துறை இன்டர்போலை நாடப்போவதாகச் சொன்னது. சிங்கப்பூர் வெளியுறவு அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் மலேசியர்களிடம் மன்னிப்புக் கேட்டார். சியா அப்போது சிங்கப்பூர்க் குடிமகள்கூட இல்லை.

வெட்டும்போது துணுக்கின் தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்தே வெட்டுங்கள். முப்பது வினாடிக்குள் அடங்காத அரசியல் துணுக்கு ரீல்ஸுக்கு உரியதல்ல. திரைப்படச் சட்டம் இன்னொரு காரணம். அதன் 33ஆம் பிரிவு கட்சி அரசியல் படங்களைத் தடுக்கிறது. சட்டப்படி நடந்த நிகழ்ச்சியை முழுவதுமாகவோ பெரும்பகுதியாகவோ நேரடியாகப் பதிந்ததற்கு விலக்கு உண்டு; நடித்துக் காட்டி, காட்சி சேர்த்து, இசை போட்டு ஒட்டிய படத்துக்கு அந்த விலக்கு நீளும் என்று நம்பிவிடாதீர்கள். மேடையில் பாதுகாப்பாக நின்ற அதே ஸ்கிட், வீட்டில் தனியாகப் படம்பிடித்து ஏற்றும்போது வேறு பொருள்.

தேர்தல் ஆணை வெளியான நாளிலிருந்து வாக்களிப்பு முடியும்வரை, வேட்பாளர் சொல்லாததைச் சொன்னதுபோல் தத்ரூபமாகக் காட்டும் செயற்கை நுண்ணறிவுக் காணொளியை வெளியிட 2024 அக்டோபரில் நிறைவேறிய சட்டம் தடை போடுகிறது. குரலை மாற்றிப் பலகுரல் செய்யும் செயலிகளை அந்த வாரங்களில் தூக்கி வைத்துவிடுங்கள். பிரசார ஓய்வு நாளிலும் வாக்களிப்பு நாளிலும் தேர்தல் விளம்பரத்துக்கு இடமில்லை, அந்தச் சொல்லின் பொருளோ அகலமானது. கட்டணம் வாங்கும் அரசியல் நிகழ்ச்சியை அந்த இரண்டு நாளில் வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

புகார் வந்தபின்

முதலில் எதையும் அழிக்காதீர்கள். பொதுப்பார்வையிலிருந்து மறைக்கலாம், மூலப் பதிவு, உரிமம், ஒப்புதல் பெற்ற பிரதி, பென்சில் கோடுள்ள ஒத்திகைப் பிரதி ஆகிய நான்கையும் ஒரே கோப்பில் போட்டு இரண்டு பேர் ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, சர்ச்சைக்குரிய பகுதிக்கு முன் இரண்டு நிமிடம், பின் இரண்டு நிமிடம் சேர்த்து எழுத்தில் இறக்கி, சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பும் தயாரியுங்கள். விசாரிப்பவருக்குத் தமிழ் தெரியாமல் போகலாம்.

திருத்த உத்தரவு வந்தால் குறித்த நேரத்துக்குள் அறிவிப்பை ஒட்டுங்கள். பதிவை நீக்கச் சொல்லாத உத்தரவாக இருந்தால் பதிவு அப்படியே இருக்கலாம். ஏற்கவில்லையென்றால் முதலில் அமைச்சரிடம் ரத்துக் கோர வேண்டும், மறுத்தால் உயர் நீதிமன்றம். முறையீடு நடக்கும்போதும் உத்தரவுக்குக் கட்டுப்பட வேண்டும். தவறும் தனிநபருக்கு 20,000 வெள்ளி அபராதம், 12 மாதச் சிறைவரை உண்டு.

மன்னிப்புக் கேட்பதென்றால் சிரிக்க வைக்க முயலாதீர்கள். 2019ல், சீன நடிகர் ஒருவர் தோலைக் கறுப்பாக்கி இந்தியராக நடித்த ஒரு விளம்பரத்துக்குப் பதிலடியாக ராப் காணொளி வெளியிட்ட உடன்பிறந்த இருவர், விளம்பரத்தைத் தயாரித்தவர்களின் மன்னிப்பு வாசகத்தையே நகலெடுத்ததுபோல் ஓர் அறிக்கை விட்டார்கள். உள்துறை அமைச்சு அதைப் போலி மன்னிப்பு என்றது. மறுநாளே இன்னொன்று எழுத வேண்டியதாயிற்று. கடைசியில் நிபந்தனையுடன் கூடிய எச்சரிக்கையும் வந்தது. விளம்பரத்தின்மேல் அவர்களுக்கு இருந்த நியாயமான கோபம் அந்தக் கிண்டலில் கரைந்துபோனது. எந்த வரி, எந்தத் தேதி, யாருக்கு வலித்தது என்று மூன்று வாக்கியம் போதும். தவறில்லை என்று நினைத்தால் மன்னிப்பே கேட்காமல் முழுப் பதிவை வெளியிடுவது மேல். அரைகுறை இரண்டையும் கெடுக்கும்.

அவதூறு வழக்குத் தொடுக்க ஆறு ஆண்டுவரை கால வரம்பு உண்டு. அந்தக் கோப்பை அதுவரை வைத்திருங்கள், கைப்பேசி மாற்றும்போது காணாமல் போகாத ஓர் இடத்தில்.