உள்ளறை ஓவியங்களை நகலெடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைலவண்ணம் கற்க என்னிடம் வருபவர்களுக்கு, முதலாண்டின் இறுதியில், பத்தொன்பதாம் நூற்றாண்டு யதார்த்த ஓவியர்கள் வரைந்த வீட்டுக் காட்சி ஒன்றை நகலெடுக்கும் பயிற்சியைத் தருவது என் வழக்கம். அண்மையில் ஒரு மாணவி கொண்டுவந்த நகலில், ஜன்னலோரம் நிற்கும் பெண்ணின் கையில் மூலத்தில் இல்லாத ஒரு கடிதம் இருந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர் நானும் அதே ஓவியத்தில் இப்படியொரு கடிதத்தைத்தான் சேர்த்து வரைந்தேன். கோடு கோணுவது, வண்ணம் வழிவது போன்ற பிழைகள் கை பழகப் பழகத் தாமே மறையும் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

இல்லாத கதையைச் சேர்ப்பது

டென்மார்க்கின் வடமுனையிலுள்ள ஸ்காகன் என்னும் மீனவர் ஊரில் பிறந்த பெண் ஓவியர் ஆன்னா ஆன்கர், 1880களின் நடுவில் 'சமையலறையில் பணிப்பெண்' என்னும் ஓவியத்தை வரைந்தார். கோபன்ஹேகனின் ஹிர்ஷ்ஸ்ப்ருங் சேகரிப்பு என்னும் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் படத்தில், பணிப்பெண் நமக்கு முதுகு காட்டியபடி ஜன்னலருகே வேலையில் ஆழ்ந்திருக்கிறாள். மஞ்சள் திரையின் வழியே வெயில் வடிந்து உள்ளே வருகிறது. இவ்வளவுதான் படம்.

எனக்கு அந்த நாளில் இது போதவில்லை. பார்ப்பவர் "இவள் யார், என்ன நினைக்கிறாள்?" என்று கேட்பார்களே என்று அஞ்சி, மேசையின் ஓரத்தில் பிரித்த கடிதம் ஒன்றை வைத்தேன். கடிதத் தாள் வெள்ளை என்பதால் திரையைவிட அதுவே பளிச்சென்று தெரிந்தது. அதை அடக்க முடியாமல் திரையின் ஒளியை ஏற்றினேன். திரை ஏறியதும் சுவர் மங்கியது. சுவரைத் தூக்கியதும் பாவாடையின் சிவப்பு செத்துப்போனது. மூன்று வாரங்கள் இப்படியே கழிந்தன. ஓர் உள்ளறை ஓவியத்தில் மிக வெளிச்சமான இடத்திலிருந்து மிக இருண்ட மூலை வரை ஒளி படிப்படியாக இறங்குகிறது; அந்தப் படிகளுள் ஒன்றைப் பிடுங்கினால் எல்லாமே சரியும் என்பதை அன்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இறுதியில் கடிதத்தின் மேல் வண்ணம் பூசி மறைத்தேன். தடித்துக் காய்ந்திருந்த அதன் விளிம்பு, பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால், இன்றும் மேடாகத் தெரிகிறது. ஆகவே, சேர்த்தது தவறென்று தோன்றினால் வண்ணம் ஈரமாக இருக்கும்போதே கத்தியால் வழித்து எடுத்துவிடுங்கள்.

கதை சொல்லும் வீட்டுக் காட்சிகள் அந்த நூற்றாண்டில் இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் ஆகஸ்டஸ் எக் 1858இல் வரைந்த 'நேற்றும் இன்றும்' தொடரின் முதல் படத்தில், கணவனின் கையில் மனைவியைக் காட்டிக்கொடுத்த கடிதம், தரையில் விழுந்து கிடக்கும் மனைவி, இரண்டாக அறுத்த ஆப்பிள், குழந்தைகள் அடுக்கிய சீட்டுவீடு என ஒவ்வொரு பொருளும் சாட்சி சொல்ல வைக்கப்பட்டிருக்கிறது. அது அந்த ஓவியத்தின் முறை. அந்த முறையில் அது தேர்ந்த படைப்பு. அதன் கடிதத்தை ஆன்கரின் சமையலறைக்குள் கொண்டுவருவதுதான் என்னை இன்றும் எரிச்சலூட்டுகிறது, ஏனெனில் ஒரு பணிப்பெண்ணின் சாதாரண வேலைப்பொழுதே வரையத் தகுந்தது என்று அந்த ஓவியர் எடுத்த முடிவை நாம் அவமதிக்கிறோம். அவருடைய காலத்தில், 1888 வரை, டென்மார்க்கின் கலைக் கழகம் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தனியார் பள்ளியில் பயின்றே அவர் அந்தத் துணிவைப் பெற்றிருந்தார்.

வெற்றுச் சுவரை நிரப்புவது

சுவர் காலியாக இருந்தால் பலருக்கும் கை துறுதுறுக்கிறது. ஆன்கர் 1891இல் வரைந்த 'நீல அறையில் வெயில்' ஓவியத்தில் அவருடைய மகள் கைவேலையுடன் உட்கார்ந்திருக்க, ஜன்னல் வெயில் நீலச் சுவரில் கட்டங்களாக விழுகிறது. அங்கே நீங்கள் ஒரு படத்தை மாட்டினால் வெயில் விழ இடம் எங்கே? ஜெர்மானிய ஓவியர் அடோல்ஃப் மென்செலின் 'பால்கனி அறை'யில் (1845) மனிதரே இல்லை. காற்றில் அசையும் திரை, முதுகோடு முதுகாக இரண்டு நாற்காலிகள், தரையில் கொஞ்சம் வெளிச்சம், இடப்பக்கம் பெரும்பாலும் வெறுமையான சுவர். அந்தச் சுவரை முதலில் வரையுங்கள், நாற்காலிகள் காத்திருக்கட்டும்.

முகத்தைத் திருப்புவது

முதுகு காட்டி நிற்பவளை அப்படியே விடுங்கள்.

கலக்காத வெள்ளை

ட்யூபிலிருந்து பிதுக்கிய வெள்ளையை ஜன்னலில் அப்படியே பூசாதீர்கள்.

அளவை மறப்பது

கைபேசித் திரையில் எல்லா ஓவியமும் ஒரே அளவுதான். மென்செலின் அறை 58 செ.மீ. உயரமே உடையது, பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கூர்பே 1849இல் காட்சிக்கு வைத்த 'ஒர்னானில் உணவுக்குப் பிறகு' ஓவியமோ ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரமும் இரண்டரை மீட்டர் அகலமும் கொண்டது. வரலாற்று நிகழ்வுகளுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த அந்தப் பேரளவை, உண்டு முடித்து வயலின் கேட்டபடி அமர்ந்திருக்கும் சிலருக்கு அவர் தந்தார். அதை ஒரு சாண் காகிதத்தில் நகலெடுப்பவருக்கு அவர் செய்த காரியத்தில் பாதி கண்ணில் படுவதில்லை.