ஜோத்பூர் உமைத் பவன் அரண்மனையில் தங்குவதற்கு மட்டக்களப்பிலிருந்து ஆயத்தமாவது எப்படி

ராஜஸ்தானின் ஜோத்பூர் நகரில், தார்ப் பாலைவனத்தின் விளிம்பில், உமைத் பவன் அரண்மனை நிற்கிறது. அதன் ஒரு பகுதியில் இன்றும் அரச குடும்பத்தினர் வாழ்கின்றனர். இன்னொரு பகுதி நூதனசாலை. மற்றொரு பகுதி தாஜ் நிறுவனம் நடத்தும் விடுதி. பலருக்கும் வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே செய்யக்கூடிய செலவு அது என்பதால், மட்டக்களப்பிலிருந்தோ அம்பாறையிலிருந்தோ போக நினைப்பவர்கள் சில விடயங்களை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

முதலில் மாதத்தைத் தீர்மானியுங்கள். நமக்கு மாரி பொழியும் நவம்பர் தொடக்கம் பெப்ரவரி வரையான காலமே அங்கே சுகமானது. பகலில் இதமான வெயிலும் இரவில் 10 பாகையை அண்டிய குளிரும் இருக்கும். மே, யூன் மாதங்களில் வெப்பம் 40 பாகையை எளிதாகத் தாண்டும். கச்சான் காற்றுக்குப் பழகியவர்களாயிற்றே என்று துணிந்து அப்போது போக வேண்டாம். கச்சான் அடிக்கும்போது மாலையில் வாவிக் கரைக்காவது போய் நிற்கலாம், அங்கே ‘லூ’ என்ற அனற்காற்று வீசும்போது சுவருக்குள் அடைந்து கிடப்பதைத் தவிர வழியில்லை.

மாரியில் புறப்படுவதில் நம் பக்கத்துச் சிக்கல் ஒன்று உண்டு. வெள்ளம் வந்தால் கொழும்புக்குப் போகும் வீதியும் ரயில் பாதையும் தடைப்பட்டுவிடும். மன்னம்பிட்டியில் வீதியை மேவிப் பாய்ந்த வெள்ளம் வடியும் வரை பஸ்ஸுக்குள் மணிக்கணக்காகக் காத்திருந்த அனுபவம் எனக்கு உண்டு. அதனால் விமானம் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே கட்டுநாயக்கப் பக்கம் போய்விடுங்கள் என்றே சொல்வேன். இந்திய விசாவை இணையவழியில் பெறலாம், ஆனால் இந்திய அரசின் உத்தியோகபூர்வத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். டில்லியிலிருந்து ஜோத்பூருக்கு உள்நாட்டு விமானம் உண்டு. பழைய டில்லி நிலையத்திலிருந்து இரவில் புறப்படும் மண்டோர் எக்ஸ்பிரஸ் ரயிலும் உண்டு.

அறையை ஒதுக்கும்போது வாடகையை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நாளொன்றுக்கு 7500 இந்திய ரூபாவைத் தாண்டும் அறை வாடகைக்கு 18 வீதம் ஜிஎஸ்டி வரி சேரும்; இந்த விடுதியில் எந்த அறையும் அந்த எல்லைக்குள் அடங்காது. காலை உணவு அடக்கமா, இரவு உணவுக்கு உடை விதி உண்டா என்பவற்றை மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். மூன்று இரவுகள் தங்குவதாயின், முதல் இரண்டையும் மெஹ்ரான்கர் கோட்டையின் அடிவாரத்தில் பழைய நகரத்து ஹவேலி (விடுதியாக மாற்றிய பழங்கால மாளிகை) ஒன்றில் கழித்து, கோட்டையையும் கடைத்தெருவையும் பார்த்து முடித்துவிட்டு, கடைசி இரவை அரண்மனைக்கு ஒதுக்குவதே என் கருத்து. அறை கையளிக்கும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்து, மறுநாள் புறப்படும் வரை வெளியே போகாதிருங்கள். அவ்வளவு பணம் கொடுத்துவிட்டு ஊர் சுற்றித் திரிந்து உறங்குவதற்கு மட்டும் அங்கே திரும்புவது வீண். சன்னலுக்கு வெளியே மணற்குன்றுகளை எதிர்பார்க்கவும் வேண்டாம். ஜோத்பூரைச் சூழ இருப்பது பாறையும் முட்புதரும். மணற்குன்றுக்கு ஒசியானுக்கோ ஜெய்சல்மேருக்கோ போக வேண்டும்.

அரண்மனையின் கதையைத் தெரிந்துகொண்டு உள்ளே நுழைபவருக்கு அந்தக் கட்டடம் வேறுவிதமாகத் தெரியும். 1920களில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தபோது, வேலை தாருங்கள் என்று கேட்ட மக்களுக்குக் கூலி கிடைக்கும் வகையில் மகாராஜா உமைத் சிங் இதைக் கட்டத் தொடங்கினார். 1929இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1943இல் முடிந்த இந்த வேலையில் இரண்டாயிரம் முதல் மூவாயிரம் பேர் வரை ஈடுபட்டிருந்தனர். வரைந்தவர் ஹென்றி லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர். நடைபாதைச் சுவர் ஒன்றின் அருகே நின்று கல்லும் கல்லும் சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். சாந்து பூசாமல், ஒன்றை ஒன்று கவ்வும்படி செதுக்கி அடுக்கிய மஞ்சள் மணற்கற்கள் அவை. நகம் நுழைய இடமில்லாத அந்தப் பொருத்துகளில்தான், பசியோடு வந்து நின்ற கல்தச்சர்களின் கை தெரிகிறது. லண்டனில் செய்வித்த தளபாடங்களை ஏற்றி வந்த கப்பல் இரண்டாம் உலகப் போரில் மூழ்கிப் போனதால், போரிலிருந்து தப்பி வந்த போலந்து ஓவியர் ஸ்டெஃபான் நோர்ப்ளின் உள்ளலங்காரத்தைப் புதிதாக வடிவமைத்தார். அவர் தீட்டிய இராமாயணச் சுவரோவியங்களைக் காட்டுமாறு பணியாளரிடம் கேளுங்கள்.

உடல் நலத்தைப் பொறுத்தவரை, நம்மவர்கள் ஏமாறும் இடம் வியர்வை. நமது ஊரில் வியர்வை உடலில் ஒட்டிக்கொண்டு நின்று தண்ணீர் குடிக்க நினைவூட்டும். அங்கே அது தோன்றுமுன்பே உலர்ந்துவிடுவதால் தாகம் தெரியாமலே களைப்பும் தலைவலியும் வந்துவிடும். மாரியில் கொடியில் போட்ட சாறன் இரண்டு நாளாகியும் ஈரம் காயாத வீட்டிலிருந்து போன நான், அங்கே குளித்துவிட்டுக் கதிரையில் போட்ட துவாய் சற்று நேரத்தில் மொரமொரவென்று காய்ந்து கிடந்ததைக் கண்டபோதுதான் இதை உணர்ந்தேன். மணிக்கொரு தடவை தண்ணீர் குடியுங்கள். உதட்டுக்கும் மூக்கின் உட்புறத்துக்கும் இரவில் சிறிது தேங்காய் எண்ணெய் தடவுங்கள். அதை ஊரிலிருந்தே சிறு போத்தலில் கொண்டு போகலாம்.

சாப்பாட்டில் மீனைத் தேட வேண்டாம். ‘கேர் சாங்ரி’ என்ற கறியைக் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள சாங்ரி, மானம்பூ விழாவில் நம் கோயில்களில் வாழையோடு சேர்த்து வைக்கும் வன்னி மரத்தின் காய். மழையில்லாத நிலத்தில் மனிதரையும் கால்நடையையும் காத்த மரம் அது. 1730இல் அந்த மரங்களை வெட்ட அரசனின் ஆட்கள் வந்தபோது அவற்றைக் கட்டியணைத்து நின்று உயிர்விட்ட பிஷ்னோய் சமூகத்தவர் 363 பேரின் கேஜர்லி கிராமம் ஜோத்பூரிலிருந்து குறுகிய தூரத்தில் இருக்கிறது. ஹவேலியில் தங்கும் நாட்களில் ஒன்றின் காலையை அதற்கு ஒதுக்குங்கள்.

அரண்மனையில் விடியற்காலை எழுந்து தோட்டத்துக்குப் போக மறவாதீர்கள். மயில்கள் புல்வெளிக்கு இறங்கி வரும் நேரம் அதுதான். குளிர் எலும்பைத் தொடும் என்பதால் ஒரு சால்வையைக் கைப்பையிலேயே வைத்திருங்கள்.