போர்க்காலத்தில் வார்டு பொறுப்பு சிஸ்டருக்கு லீவு: உக்ரைன் மருத்துவமனையில் ரோஸ்டர் போடும் முறை

உக்ரைன் மருத்துவமனைகளில் ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு மூத்த செவிலியர் உண்டு. ரோஸ்டர், வருகைப் பதிவு, மருந்து இருப்பு, போதை மருந்து அலமாரியின் சாவி எல்லாம் அவர் பொறுப்பு. மற்ற நர்ஸ் லீவு போனால் ஷிஃப்டை மாற்றிச் சமாளிக்கலாம். இவர் லீவு கேட்டால், சாவியை யாரிடம் கொடுப்பது என்ற கேள்வியிலேயே விண்ணப்பம் கிடப்பில் போய்விடும்.

முதலில் சட்டம். போர்க்கால வேலை உறவுகளுக்கென 2022 மார்ச் 15இல் நிறைவேறிய 2136ஆம் எண் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, போருக்காக அறிவித்த போர்ச்சட்டம் அமலில் உள்ளவரை ஆண்டு அடிப்படை விடுப்பை நிர்வாகம் 24 நாள்காட்டி நாள்களோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் உரிமை உள்ளவருக்கு மிச்ச நாள்கள் போர்ச்சட்டம் முடிந்த பிறகு. இந்த வரம்பு அடிப்படை விடுப்புக்குத்தான். ஆபத்தான பணிக்கும் வரையறையற்ற வேலை நேரத்துக்கும் தரும் கூடுதல் விடுப்பு தனிக் கணக்கு. முக்கியக் கட்டமைப்பு நிறுவனங்களில் பணியாற்றுபவருக்கு எந்த விடுப்பையும் மறுக்கலாம். பேறுகால விடுப்பும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் மட்டும் விலக்கு. பல அலுவலகங்கள் தவறுவது இங்கேதான். மருத்துவமனை என்பதாலேயே அந்தத் தகுதி வந்துவிடாது. முறைப்படி அப்படி அடையாளம் காணப்பட்டிருக்க வேண்டும். ஊழியர்களைப் படைச்சேர்ப்பிலிருந்து விலக்கி வைக்க மருத்துவமனை பெறும் தகுதி வேறு. அந்தக் காகிதத்தைக் காட்டி லீவு மறுத்தால் அது செல்லாது.

இனி கணக்கு. 12 வார்டு, 12 மூத்த செவிலியர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 24 நாள், மொத்தம் 288 நாள். ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விட்டால் 41 வாரமும் ஒரு நாளும் ஆகும். கையில் மிஞ்சுவது 11 வாரம். கூடுதல் விடுப்பையும் சேர்த்தால் அதிலும் பெரும்பகுதி போய்விடும். ஆகவே, நிலைமை சரியாகட்டும் என்று ஜனவரியிலிருந்து மார்ச் வரை யாரையும் விடாமல் இருந்தால், இலையுதிர் காலத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பேரை விட வேண்டி வரும். குளிரோடு மின்வெட்டும் சேரும் காலம் அது. பட்டியலை வழக்கம்போல் ஜனவரி 5க்குள் முடித்து, ஜனவரியிலேயே ஆளை விடத் தொடங்குங்கள்.

விடுப்பைப் பிரிக்கலாம், ஆனால் ஒரு பகுதியாவது தொடர்ந்து 14 நாளுக்குக் குறையக் கூடாது. எனவே 14 + 10 என்றே போடுங்கள். 14 நாள் பகுதியை முதலில் நிரப்பினால், அவசரத்தில் தள்ளிப்போடும்போது 10 நாள் பகுதிதான் நகரும். போர்ச்சட்டக் காலத்தில் அரசு விடுமுறை நாள்களும் லீவுக் கணக்கிலேயே சேரும் என்பதால், பண்டிகையை ஒட்டி லீவு கேட்பவருக்கு முன்பே சொல்லிவிடுங்கள். தொடங்கும் தேதியை இரண்டு வாரம் முன்னதாக எழுத்தில் தெரிவியுங்கள். லீவுச் சம்பளமும் லீவு தொடங்குமுன் கைக்கு வர வேண்டும்.

தேதி குறிப்பதில் இரண்டு சின்ன விஷயம். மாதக் கடைசியில் லீவைத் தொடங்க வேண்டாம். வருகைப் பதிவு முடிக்கும் நேரம் அது, தொலைபேசி ஓயாது. லீவுக்கு முந்தைய நாள் இரவு டியூட்டியும் போடாதீர்கள். காலை 8 மணிக்கு ஷிஃப்ட் முடிந்தால் லீவின் முதல் நாளிலேயே வேலை செய்ததாகப் பதிவாகும்.

பொறுப்பு ஏற்பவரை லீவுக்கு முந்தைய நாள் தேடுவது வீண். போதை மருந்தைக் கையாளும் அனுமதிக்கு மருத்துவச் சான்றும் குற்றப் பின்னணி இல்லை என்ற சான்றும் வேண்டும், அவை ஒரே நாளில் வராது. வார்டுக்கு இருவருக்காவது அனுமதி வாங்கி வையுங்கள், ஒருவர் மட்டும் என்றால் அவருக்கு லீவே இருக்காது. தற்காலிக ஆள் கிடைத்தால், இல்லாதவருக்குப் பதிலாகக் குறித்த கால ஒப்பந்தம் போட 2136ஆம் சட்டமே இடம் தருகிறது. பொறுப்பு ஆணையும் அதற்கான கூடுதல் ஊதியமும் எழுத்தில் இருக்கட்டும். வாய்மொழியாகச் சொன்னால் மூன்றாம் நாளே அவர் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார், அதில் தவறும் இல்லை.

ஒப்படைக்கும் நாளில் இருவரும் அலமாரியைத் திறந்து ஆம்பூல்களை (ஊசி மருந்துக் கண்ணாடிக் குப்பிகளை) ஒவ்வொன்றாக எண்ணி, தொகுதி எண், காலாவதித் தேதி, மீதி ஆகியவற்றைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஒரு ஆம்பூல் குறைந்தாலும் அன்றே எழுதுங்கள். லீவு முடிந்து வந்தபின் தெரிந்தால் யார் காலத்தில் போனது என்று சொல்ல முடியாது. லீவு நாள்களுக்கான ரோஸ்டரும் மருந்துக் கோரிக்கைப் பட்டியலும் முன்பே தயாராக இருக்கட்டும்.

லீவில் இருப்பவரைத் திரும்ப அழைக்க அவர் சம்மதம் தேவை. விட்டுப்போன நாள்களைப் பிறகு தர வேண்டும். வீட்டிலிருந்தே ரோஸ்டரைத் திருத்தச் சொல்வதும் வேலைதான். கேட்டால் அந்த நாளை எழுதி வையுங்கள்.

மறுத்த விடுப்பு மறையாது. வேலையை விட்டு நிற்கும்போது பயன்படுத்தாத எல்லா நாள்களுக்கும் பணம் தர வேண்டும், மூன்று ஆண்டுப் பாக்கி ஒரே மாதச் செலவில் வந்து விழும். ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, உரிமை, எடுத்தது, மறுத்தது, மீதி என நான்கு கட்டம் போட்டு மாதம் ஒருமுறை நிரப்புங்கள். மறுத்த கட்டத்தில் காரணமும் ஆணை எண்ணும் இருக்கட்டும்.