கறுத்தக்கொழும்பானை ஒட்டுவது எப்படி? முதன்முறை கத்தி எடுப்பவர்களுக்கு

கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைச் சுவைத்துச் சாப்பிட்டுவிட்டு, அதன் கொட்டையை வேலியோரம் ஊன்றி, ஏழெட்டு வருடம் தண்ணீர் ஊற்றி, கடைசியில் நாரும் புளிப்புமாக ஒரு காயைப் பறித்தவர்கள் யாழ்ப்பாணத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மண் சரியில்லை என்பார்கள், கிணற்று நீர் உவர் என்பார்கள். காரணம் பெரும்பாலும் அதுவல்ல. பூவில் எந்த மரத்து மகரந்தம் வந்து சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. கொட்டைக்குள் இருப்பது தாயும் தகப்பனும் கலந்த புதுப் பிள்ளை. அதே பழம் அதே சுவையில் வேண்டுமென்றால் அதே மரத்தின் கொப்பே வேண்டும். அதற்குத்தான் ஒட்டு.

எனக்கு இந்தத் தேவை அம்மம்மாவின் வளவில் வந்தது. 1995 இடம்பெயர்வுக்குப் பிறகு நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கிணற்றடி மாமரம் மட்டும் ஒரு பக்கக் கொப்பு முறிந்த நிலையில் நின்றது. பல வருடங்கள் கழித்துக் காணியைப் பங்கிட்டபோது அந்த மரம் நின்ற இடத்தில் வீடு எழும்ப வேண்டியிருந்தது. "தறிக்கும் முன்னர் ஒரு கன்றாவது எடுத்து வை, தம்பி" என்றார் அம்மம்மா. பன்னிரண்டு ஒட்டுக் கட்டினேன். பதினொன்று கருகின. பிழைத்த அந்த ஒன்று இன்று எங்கள் முற்றத்தில் காய்க்கிறது. அந்தப் பதினொன்றும் ஏன் கருகின என்பதைப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். உங்களுக்கு அந்த இழப்பு வரக்கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். மாங்கொப்பின் தோலை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். தோலுக்கும் வெள்ளைக் கட்டைக்கும் நடுவே ஈரமாக, வழுவழுப்பாக ஒரு மெல்லிய படலம் இருக்கும். பள்ளியில் மாறிழையம் என்று படித்தது இதைத்தான். மரம் தடிப்பதும், காயம் ஆறுவதும், ஒட்டுச் சேர்வதும் இந்தப் படலத்தால்தான். கீழே வேரோடு நிற்கும் கன்றை ஒட்டுக்கட்டை என்கிறோம். மேலே பொருத்தும் நல்லினக் கொப்பை ஒட்டுக்கிளை என்கிறோம். இரண்டின் படலங்களும் ஒன்றையொன்று தொட்டு, காயாமல், அசையாமல் மூன்று கிழமை இருந்தால் ஒட்டுப் பிடித்துவிடும். இனிச் சொல்லப்போகும் எல்லா வேலையும் அந்தத் தொடுகையைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

கொட்டை ஊன்றுதல்

ஒட்டுக்கட்டைக்கு நல்லினம் தேவையில்லை. உங்கள் அயலில், உங்கள் கிணற்று நீர் போன்ற நீரில், கவனிப்பார் இல்லாமலே செழித்து நிற்கும் நாட்டு மா ஒன்றைத் தேடுங்கள். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணக்கல்லுக்குள் மழையால் சேர்ந்து, கடல்நீரின் மேல் மிதந்து நிற்பது. கரையோரக் கிணறுகளில் கோடை முற்ற முற்ற உவர் ஏறும். அந்த உவரைத் தாங்க வேண்டியது வேர்தான். எனவே தாங்கிக் காட்டிய மரத்தின் கொட்டையை எடுப்பதே புத்தி.

மாங்கொட்டை அதிக நாள் உயிரோடு இருக்காது. ஆனி, ஆடியில் பழம் சாப்பிட்ட கையோடு சதையைக் கழுவி, நிழலில் ஓரிரு நாள் உலர்த்தி ஊன்றிவிடுங்கள். மேலோட்டை விளிம்பில் கவனமாக வெட்டிப் பிரித்து, உள்ளே இருக்கும் பருப்பை மட்டும் ஊன்றினால் விரைவாக முளைக்கும். வண்டு துளைத்ததையும் அப்போதே கண்டு எறிந்துவிடலாம். வளைந்த முதுகுப்பக்கம் மேலே இருக்கட்டும். தலைகீழானால் தண்டு கோணிக்கொண்டு வரும், கோணல் தண்டில் ஒட்டுவது கடினம்.

கொட்டை ஊன்றும் பை 6 அங்குல அகலமும் 10 அங்குல உயரமும் இருந்தால் போதும். அடியில் துளைகள் இடுங்கள். மேல்மண், மணல், மக்கிய மாட்டெரு மூன்றும் ஒரே அளவு. பச்சை எரு போடாதீர்கள், அதன் சூடு இளவேரைக் கருக்கும். சில கொட்டைகளில் இரண்டு மூன்று முளை வரும். திடமான ஒன்றை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள்.

எப்போது ஒட்டுவது

கன்றின் வயதை எண்ண வேண்டாம், தடிப்பைப் பாருங்கள். தண்டு ஒரு பென்சில் அளவுக்கு வந்திருக்க வேண்டும். நல்ல கவனிப்பில் நாலைந்து மாதத்தில் வந்துவிடும். சில கன்றுகளுக்கு ஒரு வருடம் எடுக்கும்.

காலத்தைப் பொறுத்தவரை நான் புரட்டாசியின் முற்பகுதியை விரும்புகிறேன். சோளகக் காற்று, அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, தணிந்துவரும். சூடு இருக்கும், ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழை இன்னும் இறங்கியிருக்காது. சோளகம் வீசும் நாட்களில் வெட்டுமுகம் கண்முன்னே காயும். அடைமழையில் கட்டுக்குள் நீர் இறங்கி அழுகும். இந்த இரண்டு ஆபத்துக்கும் இடைப்பட்ட நாட்களே உங்களுக்கு உகந்தவை. தவறவிட்டால் மாசி, பங்குனி வரை பொறுத்திருங்கள். அப்போது மரத்தில் பூ இருக்கும் என்பதால் பூக்காத கொப்பைத் தேடி எடுக்க வேண்டும். பூங்கொத்து விட்ட நுனி ஒட்டுக்கு உதவாது.

ஒட்டுக்கிளையைத் தயார்படுத்துதல்

இந்தப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். என் பதினொன்றில் பாதிக்கு மேல் இதனால்தான் போயின என்று நம்புகிறேன்.

ஆவணியில் முடியும் நல்லூர்க் கோயில் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் முடிந்த கையோடு தாய்மரத்தடிக்குப் போங்கள். வெயில் படும் பக்கத்தில், மூன்று நான்கு மாத வயதுள்ள, நோயில்லாத நுனிக் கொப்புகளைப் பாருங்கள். செந்தளிராக இருப்பது பிஞ்சு. சாம்பல் ஏறி முறுகியது முற்றல். இரண்டும் வேண்டாம். கரும்பச்சை இலையும் பச்சைத் தண்டும் உள்ளதே பதம். அதை வெட்டாமல் மரத்திலேயே விட்டு, இலைகளை மட்டும் நறுக்குங்கள். காம்பில் அரை அங்குலம் மிஞ்சட்டும். ஒரு நிற நூலைக் கட்டி அடையாளம் வையுங்கள்.

ஏழு முதல் பத்து நாள் கழித்துப் போய்ப் பாருங்கள். இலை இல்லாததால் சாரம் அரும்புக்குப் போயிருக்கும். நுனியரும்பு பருத்து, வெடிக்கக் காத்திருப்பதுபோல் இருக்கும். மிஞ்சிய காம்புகள் விரல் பட்டாலே உதிரும். அந்தக் காலையில் 4 அங்குல நீளத்துக்கு வெட்டி, ஈரத் துணியில் சுற்றி எடுத்து வாருங்கள். அரும்பு மலர்ந்து தளிர் எட்டிப் பார்த்துவிட்டால் பிந்திவிட்டீர்கள். வேறு கொப்புப் பாருங்கள்.

வெட்டும் கட்டும்

புதுச் சவர பிளேட் அல்லது நன்றாகத் தீட்டிய கத்தி, துடைக்க ஸ்பிரிட், கொப்பு வெட்டும் கத்தரிக்கோல், முக்கால் அங்குல அகலத்தில் வெட்டிய பொலித்தீன் நாடா, ஐஸ் பக்கற் செய்யும் நீள உறை. இவ்வளவும் மரநிழலில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வெட்டிய பிறகு நாடாவைத் தேடி வீட்டுக்குள் ஓடினால் வெட்டுமுகம் காய்ந்துவிடும். மாம்பால் தோலில் பட்டால் புண்ணாக்கும், கண்ணருகே கையைக் கொண்டுபோகாதீர்கள்.

ஒட்டுக்கட்டையை மண்ணிலிருந்து முக்கால் அடி உயரத்தில், ஒட்டுக்கிளையின் தடிப்புக்கு ஒத்த இடத்தில், நேராக வெட்டுங்கள். கீழே இரண்டு மூன்று இலை இருந்தால் விட்டுவிடுங்கள், அவை கன்றுக்கு உணவு சமைத்துக்கொண்டிருக்கும். வெட்டிய தலையின் நடுவில் பிளேட்டை வைத்து ஒன்றரை அங்குல ஆழத்துக்குப் பிளந்துவிடுங்கள்.

அடுத்து ஒட்டுக்கிளை. அதன் அடிப்பாகத்தை இரு பக்கமும் சீவி, ஒன்றரை அங்குல ஆப்பாக்க வேண்டும். பென்சில் சீவுவதுபோல் பல தடவை கொத்தாதீர்கள். கத்தியை உங்களுக்கு வெளிப்புறமாக ஒரே இழுப்பில் இழுங்கள். முகம் கண்ணாடிபோல் மட்டமாக வர வேண்டும். இரண்டாவது முகத்தையும் அப்படியே சீவுங்கள். ஆப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் வெள்ளைக் கட்டை, அதன் இரு விளிம்பிலும் இழைபோல ஒரு பச்சைக் கோடு, வெளியே தோல். அந்தப் பச்சைக் கோடுதான் நீங்கள் பொருத்தப்போவது. விரலால் தொடாதீர்கள். முதலில் வேலியில் நிற்கும் பூவரசங்கொப்பில் இருபது முப்பது ஆப்புச் சீவிப் பழகிவிட்டு மாவுக்கு வாருங்கள். கை தானாகவே படியும்.

ஆப்பைப் பிளவுக்குள் இறக்குங்கள். இரண்டும் ஒரே தடிப்பானால் இரு பக்கமும் பச்சை பச்சையோடு சேரும். கிளை மெல்லியதானால் நடுவில் வைக்காதீர்கள். ஒரு பக்கமாக ஒதுக்கி, அந்தப் பக்கத்தில் மட்டும் தோல் விளிம்புகள் சரியாகப் பொருந்தும்படி வையுங்கள். அழகாக நடுவில் நிற்கும் ஒட்டு எந்தப் பக்கமும் தொடாமலே காய்ந்துபோகும்.

நாடாவைப் பிளவுக்குக் கீழேயிருந்து தொடங்கி, சற்றே இழுத்து இறுக்கி, மேல் நோக்கிச் சுற்றுங்கள். கூரைக்குக் கிடுகு வேய்வதைப் போலத்தான்: ஒவ்வொரு சுற்றும் கீழ்ச்சுற்றின் பாதியை மூட வேண்டும். அப்போது மேலே விழும் நீர் உள்ளே இறங்காமல் வழிந்துபோகும். வெட்டின் நுனியும் மூடப்பட்ட பிறகு முடிச்சிடுங்கள். அதன் மேல் ஐஸ் பக்கற் உறையைத் தொப்பிபோல் கவிழ்த்து, கட்டுக்குக் கீழே நூலால் கட்டுங்கள். வேரோடு தொடர்பு இல்லாத அந்தச் சிறு கொப்பு மூன்று கிழமை உயிர் பிழைக்க வேண்டுமென்றால் அதைச் சுற்றியுள்ள காற்று ஈரமாகவே இருக்க வேண்டும்.

காத்திருத்தல்

பைகளை மரநிழலில் அல்லது கிடுகுப் பந்தலின் கீழ் வையுங்கள். நேர் வெயில் பட்டால் உறைக்குள் கொப்பு அவிந்துவிடும். மண் காயாமல் நீர் ஊற்றுங்கள். ஒட்டின் மேல் ஊற்ற வேண்டாம்.

பிறகு தொடாதீர்கள். நான் நாலாம் நாள் உறையைக் கழற்றிப் பார்த்தேன், ஏழாம் நாள் ஆட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் சேரத் தொடங்கிய படலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன் என்று அப்போது தெரியாது. உறைக்கு வெளியேயிருந்து பாருங்கள், போதும். பத்தாம் நாளில் கிளை பச்சையாக நின்றால் நல்ல சகுனம். அடியிலிருந்து கறுத்து வந்தால் அது முடிந்தது. ஒட்டுக்குக் கீழே கட்டையிலிருந்து வரும் தளிர்களை உடனுக்குடன் கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் சாரம் முழுவதும் அங்கே போகும். ஒட்டுக் கருகிய கன்றில் மட்டும் ஒரு தளிரை வளரவிடுங்கள். அது தடித்ததும் மறுபடி ஒட்டலாம்.

பதினைந்து முதல் இருபத்தைந்து நாளுக்குள் அரும்பு வெடிக்கும். நீர்த்துளி படிந்த உறைக்குள் செப்பு நிறத்தில், நகத்தளவு இலை ஒன்று மடிந்தபடி பொலித்தீனில் முட்டிக்கொண்டிருக்கும். அதை முதன்முதலாகக் கண்ட காலையில் அம்மம்மாவைக் கைபிடித்து அழைத்து வந்து காட்டினேன். இரண்டு மூன்று இலை விரிந்ததும் மாலை வேளையில் உறையின் மேல்முனையை மட்டும் நறுக்குங்கள். மூன்று நாள் கழித்து, அதுவும் மாலையில், முழுவதும் கழற்றுங்கள். ஒரேயடியாகக் கழற்றினால் தளிர் வாடிவிடும். நாடாவை மூன்று மாதம் கழித்து நெடுக்காகக் கீறி எடுங்கள். மறந்துவிட்டால் தண்டை நெரிக்கும்.

நடுதல்

ஒட்டுக் கன்றை அடுத்த ஐப்பசி மழையோடு நடலாம். கோப்பாய், உரும்பிராய்ப் பக்கச் செம்மண்ணில் மூன்று அடிக் குழி எளிதில் தோண்டலாம். கல் மேலே கிடக்கும் ஊர்களில் அலவாங்கு கொண்டு உடைத்தாவது அந்த ஆழம் எடுங்கள், சின்னக் குழியில் நட்ட மரம் சின்னதாகவே நிற்கும். இலைகுழையும் மக்கிய எருவும் மேல்மண்ணோடு கலந்து நிரப்பி, ஒட்டுமுடிச்சு மண்ணிலிருந்து அரை அடியாவது மேலே நிற்கும்படி நடுங்கள். முடிச்சு புதைந்தால் ஈரத்தில் அழுகும். மரத்துக்கு மரம் முப்பது அடி விடுங்கள். ஆடு கடிக்காமல் இருக்கக் கூடு, சோளகத்தில் சாயாமல் இருக்க முண்டுத்தடி இரண்டும் அவசியம்.

இளந்தளிர் மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்து கிடைக்காததன் அறிகுறி. கூட்டெருவைத் தாராளமாகப் போட்டு வாருங்கள். இலை நுனி கருகினால் நீரின் உவரைச் சந்தேகியுங்கள்.

தேசிக்கு (எலுமிச்சைக்கு) ஓர் அரும்பை மட்டும் எடுத்து ஒட்டும் அரும்பொட்டும், கொய்யாவுக்குக் கொப்பை மரத்திலேயே வேர்விடச் செய்யும் பதியமும் இதைவிட இலகு. பலாவில் பால் வழிந்து தொல்லை தரும், மாவில் கை படிந்த பிறகு அதைத் தொடலாம். ஒட்டு மா முதல் வருடத்திலேயே பூக்கக்கூடும். மனம் வராவிட்டாலும் முதல் இரண்டு வருடப் பூவையும் கிள்ளிவிடுங்கள். மூன்றாம் நான்காம் வருடத்தில் காயை விடலாம். எங்கள் முற்றத்து மரத்தில் நான் விட்ட முதல் காய்கள் ஐந்து. முதலில் பழுத்ததை அம்மம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, "கிணற்றடி மரத்துப் பழம்தான்" என்றார்.